மருத்துவ பீடத்தில் முதல் ஆய்வு: கேள்வி முதல் கட்டுரை வரை

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று மாதம் இருக்கும்போது மாணவர்கள் என்னைத் தேடி வருவார்கள். கையில் பென் டிரைவ், அதில் ஓர் எக்செல் கோப்பு. "டேட்டா எல்லாம் எடுத்து முடிச்சாச்சு, அனாலிசிஸ் மட்டும்தான் பாக்கி" என்பார்கள். கோப்பைத் திறந்தால் வயது என்ற பத்தியில் சிலருக்கு 54 என்றும், சிலருக்கு 50-60 என்றும், ஒருவருக்கு 'முதியவர்' என்றும் இருக்கும். காலில் புண் உண்டா என்ற பத்தியில் பாதிக் கட்டங்கள் காலி. காலி என்றால் புண் இல்லையா, பார்க்கவே இல்லையா? எடுத்தவருக்கே நினைவிருக்காது. அந்தக் கட்டத்தில் எந்தப் புள்ளியியல் முறையைக் கொண்டு வந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. எட்டு மாத உழைப்பும், வலியோடு வரிசையில் நின்றபடி நமக்காக நேரம் ஒதுக்கிய முந்நூறு பேரின் பொறுமையும் வீணாகிவிடும்.

ஒரு மருத்துவ ஆய்வின் தலையெழுத்து, முதல் நோயாளியைச் சந்திப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் முன்பாதி விரிவாகவும் பின்பாதி சுருக்கமாகவும் இருக்கும். எம்.பி.பி.எஸ். மாணவர், முதுநிலை மாணவர், புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர், செவிலியர் என்று யார் முதல் ஆய்வில் இறங்கினாலும் படிகள் ஒன்றுதான். புரிவதற்காக ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கொண்டு போகிறேன்: சர்க்கரை நோயாளிகளின் பாதம் மரத்துப்போவது.

கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

'சர்க்கரை நோயும் பாதமும்' என்பது வெறும் தலைப்பு. அதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். யாரிடம் பார்க்கப் போகிறோம், எதைப் பார்க்கப் போகிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவை எதிர்பார்க்கிறோம் என்ற நான்கையும் ஒரே வாக்கியத்துக்குள் அடைத்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் அது இப்படி வரும்: "இரண்டாம் வகை சர்க்கரை நோய் வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகி, வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் பெரியவர்களில், பாதத்தின் பாதுகாப்பு உணர்வை (காயம் படுவதை உணர்த்தும் உணர்வை) இழந்தவர்கள் எத்தனை சதவீதம்? அவர்களில் எத்தனை பேருக்கு அது ஏற்கெனவே தெரியும்?" எங்கே, யாரிடம், எந்தக் கருவியோடு போக வேண்டும் என்று இந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது.

நல்ல கேள்விகள் வார்டில்தான் கிடைக்கும். நூலகத்தில் உட்கார்ந்து தலைப்பு தேடுவதைவிட, ஒரு வாரம் ரவுண்ட்ஸ் போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். "இவருக்கு ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்தார்கள்?", "இந்த மருந்தை ஏன் ஒருவர் ஏழு நாளும் இன்னொருவர் பத்து நாளும் எழுதுகிறார்?" என்று மனதில் தோன்றும் ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். வாரக் கடைசியில் அதில் குறைந்தது இரண்டு கேள்விகள் ஆய்வுக்குத் தேறும்.

கேள்வி நோயாளிக்கு முக்கியமானதைத் தொடுகிறதா என்பதையும் யோசிக்க வேண்டும். இதற்கு மருத்துவ வரலாறு வேதனையான ஒரு பாடத்தைக் கொடுத்திருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு இதயம் இடையிடையே தப்பித் துடித்தால் திடீர் மரணத்துக்கு வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்த விஷயம். என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் போன்ற மருந்துகள் அந்தத் தப்பிய துடிப்புகளைக் குறைத்தன. துடிப்பு குறைந்தால் மரணமும் குறையும் என்று நம்பிப் பலருக்குக் கொடுத்தார்கள். 'மருந்து எடுத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?' என்று நேரடியாகக் கேட்ட காஸ்ட் என்ற ஆய்வின் முடிவு 1989-இல் வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இந்த மருந்துகளை எடுத்தவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். ஈ.சி.ஜி. தாளில் தெரிந்த முன்னேற்றம் நோயாளியைக் காப்பாற்றவில்லை. உங்கள் கேள்வியில் அளக்க எளிதான ஏதாவது ஒன்று முக்கியமானதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வழிகாட்டும் பேராசிரியரிடம் கேள்வியை வாய்வழியாகச் சொல்லாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதும்போதுதான் ஓட்டைகள் தெரியும்.

ஏற்கெனவே வந்ததைப் படியுங்கள்

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் தேடுவது எல்லாருக்கும் தெரியும், ஆனால் பெரும்பாலானவர்கள் கூகுளில் தேடுவதுபோலத் தேடுகிறார்கள். பப்மெட்டில் வரும் பெரும்பாலான கட்டுரைகளுக்கு 'மெஷ்' எனப்படும் பொருள் தலைப்புகள் கொடுக்கப்பட்டிருக்கும். உங்கள் சொல்லுக்குரிய மெஷ் தலைப்பைக் கண்டுபிடித்துத் தேடினால், அதே விஷயத்தை வேறு சொல்லில் எழுதியவர்களின் கட்டுரைகளும் வலையில் விழும். முதலில் காக்ரேன் நூலகத்தில் அந்தப் பொருளில் முறையான திறனாய்வு, அதாவது ஒரே கேள்வியைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்து எடைபோட்ட கட்டுரை, ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டே முக்கியமான கட்டுரைகளுக்குப் போய்விடலாம்.

தேடிய சொற்களையும் தேதியையும் எழுதி வையுங்கள். மேற்கோள்களுக்கு முதல் நாளிலிருந்தே ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி போதும்: எத்தனை பேர், எப்படி அளந்தார்கள், என்ன கிடைத்தது, எங்கே சறுக்கினார்கள். கடைசியில் உள்ள 'சறுக்கியது' பத்திதான் உங்கள் ஆய்வுக்கான நியாயத்தைத் தரும்.

முன்னுரையை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். செய்முறைப் பகுதியைப் படிக்காத கட்டுரை, படிக்காத கட்டுரைதான்.

எந்த வகை ஆய்வு?

வடிவத்தைக் கேள்விதான் முடிவு செய்யும். 'எத்தனை பேருக்கு?' என்று கேட்டால் ஒரே தடவை பார்த்துக் கணக்கெடுக்கும் குறுக்குவெட்டு ஆய்வு போதும். 'எதனால் வந்தது?' என்று கேட்டால் நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிப் பார்க்கலாம், அல்லது ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடரலாம். 'இந்தச் சிகிச்சை வேலை செய்கிறதா?' என்று கேட்டால், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்யும் சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைக்கு நிகரானது வேறில்லை.

இந்த வேறுபாடுகளை மனதில் பதிய வைக்க நான் வகுப்பில் சொல்வது பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் செய்ததை. 1950-இல் அவர்கள் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்த 709 பேரையும், அந்தப் புற்றுநோய் இல்லாத 709 பேரையும் எடுத்துப் புகைபிடிக்கும் பழக்கத்தை ஒப்பிட்டார்கள். தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் விமர்சனம் வந்தது: நோய் வந்தபிறகு கேட்டால் ஞாபகம் ஒரு பக்கமாகச் சாயாதா? சரி, நோய் வருவதற்கு முன்பே கேட்டுவிடுவோம் என்று 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, அவர்கள் புகைபிடிப்பதைப் பதிவு செய்து, பின்தொடர ஆரம்பித்தார்கள். அந்தப் பின்தொடரல் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. முதல் வகை வேகமானது, மலிவானது, ஆனால் சந்தேகத்துக்கு இடம் வைக்கும். இரண்டாவது வகை பொறுமையைக் கேட்கும், பதிலுக்கு உறுதியைத் தரும்.

அதே ஹில்தான் 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனைக்கும் திட்டம் வகுத்தவர். காசநோயாளிகள் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதைச் சீரற்ற எண்கள் முடிவு செய்தன, அந்த முடிவு மூடிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்க்கும் மருத்துவருக்கு அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 4 பேரும் மற்றக் குழுவில் 14 பேரும் இறந்திருந்தார்கள். அந்த உறையின் அருமையைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்தவருக்கு மருந்து கிடைக்கப்போகிறது என்று தெரிந்தால், எவ்வளவு நேர்மையான மருத்துவருக்கும் 'கொஞ்சம் தேறக்கூடியவரைச்' சேர்க்கலாம் என்று மனம் இழுக்கும். ஒதுக்கீட்டை மறைத்து வைப்பது அந்த இழுப்பிலிருந்து ஆய்வைக் காக்கிறது.

முதல் ஆய்வுக்கு என் பரிந்துரை: நன்றாகச் செய்த ஒரு குறுக்குவெட்டு ஆய்வு. அரைகுறையாகச் செய்த மருந்துச் சோதனையைவிட அது எவ்வளவோ மேல்.

எத்தனை பேர் வேண்டும்?

'முந்தைய பேட்ச் 100 எடுத்தது, நானும் 100 எடுக்கிறேன்' என்பது காரணமாகாது. ஒரு சதவீதத்தை மதிப்பிடும் ஆய்வுக்கு வழக்கமான சூத்திரம் எளிது. எதிர்பார்க்கும் விகிதத்தை ஒன்றிலிருந்து கழித்து, வரும் எண்ணை அதே விகிதத்தால் பெருக்குங்கள். அதை 3.84-ஆல் பெருக்குங்கள். வந்ததை, நீங்கள் ஏற்கும் பிழையின் வர்க்கத்தால் வகுங்கள். 3.84 என்பது 95 சதவீத நம்பிக்கைக்குரிய 1.96-இன் வர்க்கம்.

நம் உதாரணத்தில் உணர்வு இழந்தவர்கள் 30 சதவீதம் இருப்பார்கள் என்று முந்தைய கட்டுரைகளிலிருந்து ஊகிக்கிறோம் என வைத்துக்கொள்வோம். 5 சதவீதப் புள்ளி முன்பின் இருந்தால் பரவாயில்லை. 0.3 பெருக்கல் 0.7 என்பது 0.21. அதை 3.84-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கமான 0.0025-ஆல் வகுத்தால் 323 பேர். பத்தில் ஒருவர் மறுக்கலாம், அல்லது பாதியில் எழுந்து போகலாம். அதனால் 323-ஐ 0.9-ஆல் வகுத்து 359 என்று வைத்துக்கொள்கிறோம். பிழையை 3 சதவீதப் புள்ளியாகக் குறைக்க ஆசைப்பட்டால், மறுப்பவர்களைச் சேர்க்காமலே ஏறத்தாழ 900 பேர் வேண்டும். துல்லியம் கொஞ்சம் கூடினாலும் வேலை மூன்று மடங்கு நெருங்கிவிடும். விகிதம் பற்றி எதுவுமே தெரியாவிட்டால் 50 சதவீதம் என்று போடுங்கள். அதுதான் அதிகபட்ச எண்ணிக்கையைத் தரும்.

உடனே காலண்டரை எடுங்கள். வாரம் இரண்டு கிளினிக், ஒவ்வொன்றிலும் பத்துப் பேரைச் சேர்க்க முடியும் என்றால் 359 பேருக்குப் பதினெட்டு வாரம். விடுமுறை, தேர்வு, காய்ச்சல் சீசன் எல்லாம் சேர்த்தால் ஆறு மாதம். அவ்வளவு நேரம் இருக்கிறதா? இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள், கணக்கை வளைக்காதீர்கள். இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுகளுக்குக் கணக்கு வேறு. அதற்குப் புள்ளியியல் துறையில் ஒருவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். இந்த முதல் கட்டத்தில் அவரைப் போய்ப் பார்ப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் அலைய வேண்டியிருக்காது.

படிவம்: எல்லாம் இங்கேதான்

என் முதல் ஆய்வில் ஒரு கேள்வி: "உயர் ரத்த அழுத்தம் உண்டா? ஆம் / இல்லை." எளிமையாக இருக்கிறதே என்று நினைத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு டேட்டாவைப் பார்க்கும்போதுதான் புரிந்தது. 'இல்லை' என்று குறித்தவர்களில், அளந்து பார்த்து இல்லை என்று தெரிந்தவர்களும் இருந்தார்கள், வாழ்நாளில் ஒருமுறைகூட அளக்காதவர்களும் இருந்தார்கள். இருவரையும் ஒரே கட்டத்துக்குள் நானே தள்ளியிருந்தேன். அந்தக் கேள்வியை முழுதாக எடுத்துவிட வேண்டியதாயிற்று. 'தெரியாது' என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்திருந்தால் போதும். அன்றிலிருந்து யார் படிவம் கொண்டு வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கட்டத்தைத்தான்.

படிவம் தயாரிக்கும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். வயதை எண்ணாகவே எழுதுங்கள், பிரிவாக எழுதாதீர்கள். எண்ணைப் பின்னால் பிரிவாக மாற்றலாம், பிரிவை எண்ணாக மாற்ற முடியாது. அலகை அச்சிட்டே வையுங்கள். ஒருவர் ரத்தச் சர்க்கரையை மில்லிகிராமிலும் இன்னொருவர் மில்லிமோலிலும் எழுதினால் 126-ம் 7-ம் ஒரே பத்தியில் வந்து நிற்கும், இரண்டும் ஒன்றுதான் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். காலியாக விடக் கூடாது என்று விதி வையுங்கள். 'பொருந்தாது', 'தெரியாது', 'சொல்ல விரும்பவில்லை' மூன்றுக்கும் தனித்தனிக் குறி கொடுங்கள். பெயர் படிவத்தில் வேண்டாம், ஆய்வு எண் போதும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறு இடத்தில், பூட்டோடு இருக்கட்டும்.

கேள்விப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே விளக்கக் குறிப்பேடு ஒன்றைத் தயாரியுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் பெயர், பொருள், எப்படி அளப்பது, என்ன குறிகள் வரலாம் என்று அதில் இருக்க வேண்டும். 'புகைபிடிப்பவர்' என்றால் யார்? இன்று பிடிப்பவரா, போன மாதம் விட்டவரா? இதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விளக்கம் வரும்.

இந்தப் படிவத்தையும், கேள்வி, வடிவம், மாதிரி அளவு, யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது, எந்தப் பகுப்பாய்வு என்பதையும் சேர்த்து எழுதினால் அதுதான் புரோட்டோகால். பகுப்பாய்வு முறையை இங்கேயே எழுதிவிடுவது மிக முக்கியம். முடிவைப் பார்த்தபிறகு முறையைத் தேர்ந்தெடுப்பது, அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது மாதிரி.

நெறிமுறைக் குழுவும் ஒப்புதலும்

நெறிமுறைக் குழுவை ஒரு கையெழுத்துச் சடங்காகப் பார்க்கும் மனநிலை எனக்கு வருத்தம் தருகிறது. அந்தக் குழு ஏன் வந்தது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் நோய் இருந்தது. அவர்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. 1940-களிலேயே பென்சிலின் அந்த நோய்க்கான மருந்தாகிவிட்டது. அதையும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். செய்தவர்கள் மருத்துவர்கள், பணம் கொடுத்தது அரசு, இடையிடையே கட்டுரைகளும் வெளிவந்தன. அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, மனிதர்களிடம் ஆய்வு செய்வதற்கான நெறிகளாக 1947-இல் நியூரம்பெர்க் விதிகளும், 1964-இல் ஹெல்சிங்கிப் பிரகடனமும் வந்திருந்தன. காகிதத்தில் விதி இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஆய்வையும் வெளியிலிருந்து ஒருவர் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.

ஆகவே அனுமதி வருவதற்கு முன் ஒரே ஒரு நோயாளியிடமும் டேட்டா எடுக்காதீர்கள். பழைய கேஸ் ஷீட்டுகளைப் பார்ப்பதுதானே என்றாலும் குழுவிடம் போங்கள். நேரடி ஒப்புதலிலிருந்து விலக்குத் தரலாமா என்று முடிவு செய்வது குழுவின் வேலை, உங்களுடையது அல்ல. குழு திருத்தம் கேட்டால் சோர்ந்துபோக வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில், திருத்திய பக்க எண் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் இரண்டாம் சுற்றில் முடிந்துவிடும்.

சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். முக்கிய மருத்துவ இதழாசிரியர்களின் குழு 2005 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பின்னால் பதிந்தால் நல்ல இதழ்களின் கதவு மூடிவிடும்.

தகவல் தாள் நோயாளியின் மொழியில், அவர் பேசும் சொற்களில் இருக்க வேண்டும். 'புற நரம்புச் சிதைவு' என்று எழுதாதீர்கள். 'பாதம் மரத்துப்போவது' என்று எழுதுங்கள். ஒப்புதல் வாங்கும் நேரத்தையும் கவனியுங்கள். வெள்ளைக் கோட்டு போட்ட மருத்துவர், மருந்துச் சீட்டை எழுதும் முன், "ஒரு சின்ன ஆய்வு, சேர்ந்துக்கறீங்களா?" என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? மறுத்தால் வைத்தியம் குறையுமோ என்ற பயம் அவர் வாயை அடைத்துவிடும். முடிந்தவரை, சிகிச்சை தராத ஒருவர், மருந்துச் சீட்டு கையில் கிடைத்தபிறகு கேட்கட்டும். விளக்கி முடித்ததும், "நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா, சரியாச் சொன்னேனான்னு பார்த்துக்கறேன்" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டால் எது புரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். 'சேராவிட்டாலும் வைத்தியம் அப்படியேதான்', 'நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற இரண்டும் அவர் வாயிலிருந்து வந்தால் கையெழுத்து வாங்குங்கள்.

ஒத்திகை, பிறகு களம்

முதலில் பத்துப் பதினைந்து பேரிடம் ஒத்திகை பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தக் கேள்வியில் முகம் சுளிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்துப் படிவத்தைத் திருத்துங்கள். திருத்தியதைக் குழுவுக்கும் தெரிவியுங்கள்.

அளவீடு என்பது கைப்பழக்கம். பாதத்தின் உணர்வைப் பார்க்கும் மோனோஃபிலமென்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி, அதில் ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். 10 கிராம் விசையில் இழை வளையும்படி செய்யப்பட்டிருக்கிறது. முதலில் நோயாளியின் கையில் தொட்டு, உணர்வு எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரலின் அடியிலும், பெருவிரல், சுண்டுவிரல் இரண்டின் கீழுள்ள மேட்டிலும் இழையைச் செங்குத்தாக வைத்து, வளையும்வரை அழுத்தி, எடுத்துவிடுங்கள். இழை தோலில் வழுக்கக் கூடாது, காய்ப்பு ஏறிய இடத்தில் வைக்கக் கூடாது. ஓரிடத்தில் மூன்று முறை கேட்கிறோம். அதில் ஒருமுறை தொடாமலே கேட்க வேண்டும். "இப்போ தொடறேன், தெரியுதா?" என்று அடையாளம் கொடுத்துவிட்டால் எல்லாரும் "தெரியுது" என்பார்கள், மரியாதைக்காகவாவது. மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னால் அந்த இடத்தில் உணர்வு இருக்கிறது. ஒரே இழையை நாள் முழுக்க வளைத்தால் தளர்ந்துவிடும், அதனால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

இருவர் அளக்கிறீர்கள் என்றால், ஒரே இருபது நோயாளிகளை இருவரும் தனித்தனியே பார்த்து, பதில் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள். கப்பா என்ற எண் இதற்காகவே இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து மீண்டும் பழகுங்கள்.

ரத்த அழுத்தத்தில் வேறொரு சிக்கல். ஒரு வாரத்து அளவுகளை வரிசையாகப் பாருங்கள்: 120/80, 130/80, 140/90, 130/90. எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால் அளந்தவரின் கண் முள்ளை முழு எண்ணுக்கு இழுத்திருக்கிறது. பாதரச மானியில் அளவுக்கோடுகள் இரண்டிரண்டாக இருப்பதால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். வாரா வாரம் கடைசி இலக்கத்தை எண்ணிப் பார்த்தால் இதைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

மறுத்தவர்கள் எத்தனை பேர், ஏன் மறுத்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். நடக்க முடியாதவர்கள் கிளினிக்குக்கே வருவதில்லை, அவசரத்தில் இருப்பவர்கள் மறுக்கிறார்கள் என்றால், நீங்கள் பார்ப்பது ஒரு பகுதியை மட்டுமே. வந்தவர்களில் யாரைச் சேர்ப்பது என்பதையும் மனம்போல முடிவு செய்யாதீர்கள். 'டோக்கன் எண்ணில் ஒவ்வொரு மூன்றாமவர்' என்பதுபோல ஒரு விதி வைத்துக்கொண்டால், சிரித்த முகங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வராது.

டேட்டாவும் கணக்கும்

அன்றன்று எடுத்ததை அன்றன்றே கணினியில் ஏற்றுங்கள். எக்செல்லில் ஏற்றினால் ஒவ்வொரு பத்திக்கும் எல்லை வையுங்கள், வயது 18-க்குக் கீழே போனால் ஏற்கக் கூடாது என்பதுபோல. எபி இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. உங்கள் பீடத்தில் ரெட்கேப் என்ற டேட்டா சேகரிப்பு மென்பொருள் இருந்தால் இன்னும் நல்லது, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் அதில் பதிவாகும். மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள். நகல் எடுத்துத் திருத்துங்கள், திருத்தியதன் காரணத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

கணக்கு போடும் முன் எண்களைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு மாறிக்கும் குறைந்தது, கூடியது, இடைநிலை, எத்தனை காலி. உயரம் 16 சென்டிமீட்டர் என்று ஒருவர் இருப்பார். அது 160 ஆக இருக்கலாம், ஆனால் படிவத்தைத் திறந்து பார்க்காமல் திருத்தக் கூடாது.

நம் உதாரணத்தில் 340 பேர் கிடைத்து, 102 பேருக்கு உணர்வு இல்லை என்று வைத்துக்கொள்வோம். விடை 30 சதவீதம், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, சுமார் 25 முதல் 35 வரை. இந்த இடைவெளியை எழுதாமல் 30-ஐ மட்டும் எழுதுவது பாதி உண்மை. பலர் நேராகப் பி மதிப்புக்கு ஓடுகிறார்கள். உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. 0.05-க்குக் கீழே வந்தால் கொண்டாட்டம். இருபது மாறிகளைச் சோதித்தால், அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால், உண்மையில் எதிலும் வேறுபாடு இல்லாவிட்டாலும், ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால்தான் முதன்மைக் கேள்வி ஒன்றைப் புரோட்டோகாலிலேயே எழுதிவைக்கச் சொன்னேன்.

இன்னொரு பொறி. உணர்வு இழந்தவர்களில் இன்சுலின் போடுபவர்கள் அதிகம் என்று தெரிய வருகிறது. இன்சுலின்தான் நரம்பைக் கெடுத்ததா? நோய் எத்தனை ஆண்டுகள் இருந்தது என்பதைக் கேளுங்கள். ஆண்டுகள் கூடக் கூட நரம்பும் கெடுகிறது, மாத்திரை போதாமல் இன்சுலினும் வருகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று. நோயாளிகளைப் பத்து ஆண்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒப்பிட்டால் பெரும்பாலும் படம் மாறிவிடும். பல காரணிகளை ஒரே நேரத்தில் பார்க்க லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறை உதவும். ஆனால் முதலில் இப்படிப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். குறுக்குவெட்டு ஆய்வை வைத்துக்கொண்டு 'இதனால் இது வந்தது' என்று எழுதக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

எழுதுவதும் அனுப்புவதும்

செய்முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள், புரோட்டோகாலிலிருந்து எதிர்காலத்தை இறந்தகாலமாக மாற்றினால் பாதி தயார். பிறகு அட்டவணைகள், முடிவுகள், விவாதம், முன்னுரை, கடைசியில் சுருக்கம். நம்முடையதுபோல, சிகிச்சை எதையும் சோதிக்காமல் பார்த்துப் பதியும் கண்காணிப்பு ஆய்வுகளுக்கு, கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் என்ற 22 அம்சப் பட்டியல் இருக்கிறது. சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளுக்குக் கன்சார்ட், முறையான திறனாய்வுகளுக்குப் பிரிஸ்மா. பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். குறைபாடுகளை நீங்களே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்தது என்பதை ஆய்வு தொடங்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இதழாசிரியர்களின் விதிப்படி ஆசிரியராக நான்கும் வேண்டும்: திட்டமிடலிலோ டேட்டாவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பு. துறையின் தலைவர் என்பதால் மட்டும் பெயர் சேராது. இதைச் சொல்வது இளையவர்களுக்குக் கஷ்டம்தான். அதனால்தான் ஆரம்பத்திலேயே, யாரும் மனம் நோகாத நேரத்தில், பேசிவிட வேண்டும்.

"அன்பான பேராசிரியர் அவர்களே, ஐந்தே நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வரும். அதில் விழாதீர்கள். மருத்துவ இதழ்களின் பட்டியலான மெட்லைனிலோ, திறந்த அணுக்க இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே.யிலோ அந்த இதழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. நிராகரிப்பு எல்லாருக்கும் வரும். மதிப்பாய்வாளர் சொன்னதில் நியாயமானதைத் திருத்திவிட்டு, அடுத்த இதழுக்கு அந்த வாரமே அனுப்புங்கள். எதிர்பார்த்த தொடர்பு கிடைக்காவிட்டாலும் வெளியிடுங்கள். 'ஒன்றும் இல்லை' என்று தெரிந்தால் இன்னொருவர் அதே வழியில் போய் இன்னொரு முந்நூறு பேரைத் தொந்தரவு செய்ய மாட்டார்.

கட்டுரை வெளிவந்தபிறகு

பெயரும் ஆய்வு எண்ணும் உள்ள பட்டியலை, குழு சொன்ன காலம் முடிந்ததும் அழியுங்கள். பெயர் நீக்கிய டேட்டாவையும் விளக்கக் குறிப்பேட்டையும் பீடத்தின் காப்பகத்தில் வையுங்கள்.

பாதம் மரத்துப்போனது தெரியாமலே இருந்தவர்கள் உங்கள் ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டிருப்பார்கள். கட்டுரை வரும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது. கண்டுபிடித்த அன்றே, "உங்க பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கு, செருப்பில்லாம நடக்காதீங்க, தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்க" என்று சொல்லி, பாதச் சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இதையும் புரோட்டோகாலில் ஒரு வரியாக, யார் சொல்வது, யாரிடம் அனுப்புவது என்று பொறுப்போடு எழுதி வையுங்கள். ஆய்வு முடிந்ததும் அந்தக் கிளினிக்கின் செவிலியர்களுக்கு அரை மணி நேரம் முடிவுகளைச் சொல்லி, ஆய்வுக்காக வாங்கிய மோனோஃபிலமென்டுகளை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.